மலை ஏறினால் மக்கர் செய்யும் ட்ரோன்: அறிகுறி பார்த்துப் பழுது நீக்க

"ண்ணா, கீழ நல்லாத்தான் பறந்துச்சு. இங்க வந்து டேங்க் ரொப்பினதும் எழும்பவே மாட்டேங்குது."

இந்த போன் எத்தனை முறை வந்தது என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். பேசுகிறவர் பெரும்பாலும் தர்மபுரி பக்கத்து வத்தல்மலையில் நிற்பார். இல்லையென்றால் தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் ஏதாவது ஒரு மேட்டுத் தோட்டத்தில். நான் தர்மபுரியில் மருந்து தெளிக்கும் ட்ரோன்களைப் பழுது பார்க்கிறேன், சீசனில் நானும் தெளிக்கப் போகிறேன். மலைக்குப் போய்விட்டு "ரிப்பேர்" என்று என் மேசைக்கு வந்த இயந்திரங்களில் பாதிக்குப் பாதி ரிப்பேரே இல்லை. மீதிப் பாதியில் பழுது உண்டு. ஆனால் அது மலையில் பிறந்த பழுது இல்லை. கீழே இருக்கும்போதே ஒளிந்திருந்தது, மேலே போனதும் தலையைக் காட்டியது.

அதனால் நான் முதலில் பார்ப்பது மலையின் பங்கு எவ்வளவு என்றுதான். அதைக் கழித்துவிட்டு மிச்சம் ஏதாவது இருந்தால்தான் ஸ்க்ரூடிரைவரைத் தொடுவேன்.

பங்கை எப்படிக் கழிப்பது? தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 500 மீட்டர். ஓசூர் சுமார் 900. வத்தல்மலை ஆயிரத்தை ஒட்டி. 500 மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி ஐந்தாறு சதவீதம் குறையும். இது பலருக்குத் தெரியும். தெரியாதது இன்னொன்று: காலை 25 டிகிரியில் இருந்து மதியம் 40 டிகிரிக்கு வெயில் ஏறினாலும் அதே அளவுக்கு, ஏறத்தாழ ஐந்து சதவீதம் குறையும். அதாவது சித்திரை மாதத்து மதியம் தர்மபுரியிலேயே நின்றாலும் உங்கள் ட்ரோனுக்கு அது ஒரு மலை ஏறிய கணக்கு. நான் இதை வெயில் மலை என்று சொல்வேன். நிஜ மலையும் வெயில் மலையும் ஒரே நாளில் சேர்ந்தால் பத்து சதவீதத்தை நெருங்கிவிடும்.

இதில் இருந்து இரண்டே கணக்கு. காற்று எத்தனை சதவீதம் குறைந்ததோ, அதே திராட்டிலில் (மோட்டாருக்குக் கொடுக்கும் முடுக்கத்தில்) தூக்கும் எடையும் அத்தனை சதவீதம் குறையும். அதே எடையோடு பறந்தால் பறக்கும் நேரம் அதில் பாதி சதவீதம் குறையும். கீழே வரும் எல்லாவற்றுக்கும் இதுதான் அளவுகோல்.

நான் எழுதுவது பத்து லிட்டர் டேங்க் வைத்த, நிரப்பினால் 25 கிலோவை ஒட்டி வரும் தெளிப்பு ட்ரோன்களை மனதில் வைத்து. சர்வேக்குப் பறக்கவிடும் இறக்கை வைத்த சிறு விமானத்துக்குத் தனியாக ஒரு பகுதி இருக்கிறது.

## மலைக்குக் கிளம்பும் முன்

மூன்று பொருள் போதும்: மூட்டை தூக்கிப் பார்க்கும் தொங்கு தராசு, ஒரு தெர்மாமீட்டர், செல் வாரியாக வோல்ட் காட்டும் பேட்டரி செக்கர். அப்புறம் ஒரு நோட்டு.

நோட்டில் எழுத வேண்டியது ஒரே ஒரு எண். உங்கள் ஊரில், காலை ஆறரை மணிக்கு, முழு டேங்கோடு, காற்று இல்லாத நேரத்தில் மூன்று மீட்டர் உயரத்தில் அசையாமல் நிற்க எத்தனை சதவீதம் திராட்டில் ஆகிறது என்பது. என் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: "கீழே, 25 டிகிரி, 10 லிட்டர், 58. மேலே, 33 டிகிரி, 10 லிட்டர், 61." இந்த மூன்று புள்ளி வித்தியாசம் மலையின் பங்கு. மேலே போய் 68 காட்டினால் அதில் ஏழு புள்ளிக்கு மலை பொறுப்பில்லை. இந்த ஒரு எண் இல்லாமல் என்னிடம் வருகிறவர்களிடம் நான் ஜோசியம்தான் சொல்ல முடியும்.

## அறிகுறி 1: எழும்பவில்லை, அல்லது தொய்வாக எழும்புகிறது

### தரையை விட்டே கிளம்பவில்லை

முதலில் கண்ணால் பாருங்கள். மடிப்பு புரொப்பெல்லர் ஏதாவது ஒன்று முழுக்க விரியாமல் இருக்கிறதா? வலச்சுற்று, இடச்சுற்று புரொப்பெல்லர்கள் இடம் மாறிப் போய்விட்டனவா? ஜீப்பில் குலுங்கி வந்த பிறகு அவசரமாக மாட்டும்போது இது சாதாரணமாக நடக்கும். கை ரேகை தெரியும் அளவுக்கு மருந்துப் படிவு புரொப்பெல்லர் மேல் காய்ந்திருந்தால் ஈரத்துணியால் துடையுங்கள். காசே ஆகாத வேலை இது. பாதிப்பேர் செய்வதில்லை.

அடுத்தது எடை. "பத்து லிட்டர்தான் ஊத்தினேன்" என்று எல்லோரும் சொல்வார்கள். டேங்கில் பத்து என்று கோடு இருக்கும், ஆனால் கழுத்து வரைக்கும் ஊற்ற இடமும் இருக்கும். தராசில் மாட்டிப் பாருங்கள். ஒருமுறை ஒருவர் கொண்டுவந்த வண்டி, அவர் சொன்னதைவிட இரண்டு கிலோவுக்குக் கிட்ட அதிகமாக இருந்தது. கோட்டைத் தாண்டி ஊற்றியது ஒரு பங்கு. கால்களில் அப்பியிருந்த செம்மண் ஒரு பங்கு. அப்புறம் அவரே கட்டிவைத்த இரும்புத் தாங்கி. தர்மபுரியில் அது சமாளித்துவிட்டது.

எடை சரியாக இருந்தால் எத்தனை லிட்டர் ஊற்றலாம் என்ற கணக்குக்கு வாருங்கள். 25 கிலோவில் ஆறு சதவீதம் ஒன்றரைக் கிலோ. ஆகவே காலையில் வத்தல்மலை என்றால் எட்டரை லிட்டர். பத்து மணிக்கு மேல் வெயில் ஏறிவிட்டால் எட்டுக்கும் கீழே. நான் மலையில் மதியத்தில் தெளிக்க நேர்ந்தால் ஏழரைக்கு மேல் ஊற்றுவதில்லை. "ரெண்டு ரவுண்டு கூடப் போகும்ங்களே" என்று தோட்டக்காரர் முகம் சுளிப்பார். பரவாயில்லை. உங்கள் ட்ரோனுடன் வந்த கையேட்டில் உயரத்துக்குத் தக்கபடி எடையைக் குறைக்கச் சொல்லும் குறிப்பு இருந்தால் என் கணக்கை விட்டுவிட்டு அதைப் பின்பற்றுங்கள்.

### எழும்புகிறது, ஆனால் சோம்பலாக

டேங்கைக் காலி செய்துவிட்டு ஒருமுறை தூக்கிப் பாருங்கள். காலி டேங்கில் சுறுசுறுப்பாக இருந்தால் அது எடையும் காற்றும் சேர்ந்த விஷயம், மேலே சொன்னது போலக் குறைத்து ஊற்றினால் தீர்ந்தது.

காலி டேங்கிலும் சோம்பல் என்றால் பேட்டரியைப் பாருங்கள். முந்தின இரவு முழுசாக ஏற்றியதா? செல்லுக்கு 4.2 வோல்ட் இருக்கிறதா? இருக்கிறது, ஆனாலும் எழும்பும் நொடியில் வோல்ட் சட்டென்று விழுகிறது என்றால் பேட்டரிக்கு வயசாகிவிட்டது. நல்ல பேட்டரி ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அதுவும் சரி என்றால், புரொப்பெல்லரை எப்போதாவது மாற்றினீர்களா என்று யோசியுங்கள். அளவு ஒன்றாக இருந்தாலும் பிட்ச், அதாவது இதழின் சாய்வு, வேறாக இருக்கலாம். பார்க்க ஒன்று போலவே இருக்கும் மலிவுப் புரொப்பெல்லர் கீழே வேலை செய்யும், மேலே காலை வாரும்.

இத்தனையும் பார்த்துவிட்டீர்கள், நோட்டில் இருக்கும் எண்ணைவிட ஐந்து புள்ளிக்கு மேல் இன்னும் அதிகமாகவே இருக்கிறது என்றால் நிறுத்துங்கள். மோட்டார் பேரிங், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி. போர்டு, இரண்டில் ஒன்றாக இருக்கும். அது மெக்கானிக் மேசைக்குப் போக வேண்டியது, தோட்டத்து வரப்பில் பிரிக்க வேண்டியது இல்லை.

## அறிகுறி 2: பேட்டரி சீக்கிரம் இறங்குகிறது

இதில்தான் மலைமேல் அதிகப் பழி விழுகிறது. "மேல போனா பாதி நேரம்தான் நிக்குதுண்ணா, காத்து கம்மி இல்ல?" காற்று கம்மிதான். ஆனால் மலை திருடுவது எவ்வளவு? கீழே 12 நிமிடம் பறந்த வண்டி, அதே எடையோடு மேலே பதினொன்றரை நிமிடம் பறக்க வேண்டும். மலையின் பங்கு அந்த அரை நிமிடம்தான். வெயிலையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். 12 என்பது எட்டாகிவிட்டது என்றால் மலையைத் திட்டாமல் பேட்டரியைப் பாருங்கள்.

ஆனால் பேட்டரியைப் பார்க்கும் முன், எப்படிப் பறந்தீர்கள் என்று பாருங்கள். சரிவில் கீழிருந்து மேலாகத் தெளித்தால் ஒவ்வொரு வரிசையிலும் 25 கிலோவை ஏற்றிக்கொண்டே போகிறீர்கள். அதே சரிவில் குறுக்கே, ஒரே மட்டத்தில் வரிசை போட்டால் பேட்டரி நிற்கும். மலையில் பத்து மணிக்கு மேல் அடிவாரத்தில் இருந்து மேல்நோக்கிக் காற்று வீசத் தொடங்கும், அதை எதிர்த்துப் போனாலும் பேட்டரி கரையும்.

அடுத்தது கனெக்டர். பறந்து இறங்கிய உடனே கையை வைத்துப் பாருங்கள். பேட்டரி உடம்பைவிடக் கனெக்டர் சூடாக இருந்தால் உள்ளே கருகியிருக்கிறது. புதுசு போட அதிகச் செலவு ஆகாது, ஆனால் சால்டரிங் சுத்தமாக வர வேண்டும். கை பழகாதவர்கள் முயற்சி செய்யாதீர்கள்.

அப்புறம் செல்கள். இறங்கியதும் செக்கரை மாட்டி ஒவ்வொரு செல்லாகப் பாருங்கள். ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.1 வோல்ட்டுக்கு மேல் இறங்கியிருந்தால் அந்த ஒரு செல்தான் உங்கள் நேரத்தைத் தின்கிறது. எல்லாச் செல்லையும் சமமாக ஏற்றும் பேலன்ஸ் சார்ஜில் ஒருமுறை முழுசாக ஏற்றிப் பாருங்கள். திரும்பவும் அதே செல் விழுந்தால் அந்தப் பேட்டரியை மலைக்குக் கொண்டுபோகாதீர்கள், கீழே காலி டேங்க் பழக்கத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். உப்பிய பேட்டரிக்கு இந்தச் சலுகைகூடக் கிடையாது. அதைச் சார்ஜில் போடவே வேண்டாம்.

கார் டிக்கியில் வெயிலில் வந்த பேட்டரி, இறங்கிய உடனே சூட்டோடு சார்ஜருக்குப் போன பேட்டரி இரண்டும் சீக்கிரம் சாகும். புளியமர நிழலில் அரை மணி வையுங்கள். மார்கழி, தை மாதங்களில் ஓசூர் பக்கம் இதற்கு நேர்மாறு. விடியற்காலைக் குளிரில் பேட்டரி விறைத்துப்போய் முதல் நிமிடத்திலேயே வோல்ட் விழுந்து எச்சரிக்கை அடிக்கும். சட்டைக்குள் வைத்துச் சூடேற்றிக்கொண்டு வரும் பையன்களைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பதிலாக ஒரு தெர்மாகோல் பெட்டியில் கொண்டுபோனாலே போதும், முதல் ஒரு நிமிடம் தாழ்வாக நிறுத்திவைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

எந்த ஊராக இருந்தாலும், பறக்கும்போது செல்லுக்கு 3.5 வோல்ட் தொட்டால் இறக்கிவிடுங்கள். மலையில் கடைசி ஒரு நிமிடத்தை நம்பக் கூடாது. இறங்கும் இடம் நூறடி தள்ளி, பத்தடி மேலே இருக்கும்.

## அறிகுறி 3: முழு டேங்கில் ஒரு பக்கம் சாய்கிறது, அல்லது தானாகத் திரும்புகிறது

கீழே ஒளிந்திருந்து மேலே தலைகாட்டும் பழுது என்றேனே, அதற்குச் சரியான உதாரணம் இது. ஆறு மோட்டாரில் ஒன்று கொஞ்சம் சோடை. கீழே மற்ற ஐந்துக்கும் திராணி மிச்சம் இருக்கிறது, சமாளிக்கின்றன. மேலே எல்லா மோட்டாருமே கூடுதலாகச் சுற்ற வேண்டும். சோடை மோட்டார் தன் உச்சத்தை முதலில் தொட்டுவிடும். அதற்கு மேல் கொடுக்க ஒன்றும் இல்லை, அந்தப் பக்கம் சாய்கிறது.

பார்க்கும் வரிசை:

டேங்கும் பேட்டரியும் நடுவில் உட்கார்ந்திருக்கிறதா? பேட்டரியை இரண்டு விரல் அகலம் பின்னால் தள்ளி மாட்டினாலே பின் மோட்டார்கள் திணறும். டேங்க் பாதி காலியான பிறகு தள்ளாட்டம் அதிகமானால் உள்ளே தண்ணீர் அலைபாய்கிறது என்று அர்த்தம். திருப்பங்களில் வேகத்தைக் குறையுங்கள்.

மோட்டாரைத் தாங்கும் கைகளின் மடிப்புப் பூட்டுகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பாருங்கள். துளி ஆட்டம் இருந்தாலும் மோட்டார் சாய்ந்து நிற்கும், ட்ரோன் தானாகத் திரும்பும். கார்பன் குழாயை நகத்தால் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்று வந்த சத்தம் ஓரிடத்தில் மொத்தென்று மாறினால் அங்கே விரிசல்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு மோட்டாரையும் கையால் சுற்றுங்கள். ஆறும் ஒரே மாதிரி சுற்றி ஒரே மாதிரி நிற்க வேண்டும். கரகரவென்று மணல் அரைபடுவது போல ஒன்று மட்டும் வந்தால் ஆள் அகப்பட்டுவிட்டான்.

இதற்கும் மசியவில்லை என்றால் பறந்த பதிவைத் திறந்து மோட்டார் அவுட்புட் வரைகோடுகளைப் பாருங்கள். அசையாமல் நிற்கும் நேரத்தில் ஐந்து கோடுகள் ஒட்டிப்போக, ஒன்று மட்டும் மேலே தனியாகப் போனால் அந்தக் கைதான். புரொப்பெல்லரை, அதே பக்கம் சுற்றும் இன்னொரு கையோடு மாற்றிப் பாருங்கள். கோடும் கூடவே இடம் மாறினால் புரொப்பெல்லர் கோளாறு, சில நூறு ரூபாயோடு முடிந்தது. அதே கையில் நின்றுவிட்டால் மோட்டாரோ இ.எஸ்.சி.யோ. அங்கே உங்கள் வேலை முடிந்தது, எங்கள் வேலை தொடங்குகிறது. விரிசல் கண்ட கையைப் பசை போட்டு ஒட்டி "இந்த ஒரு நாள் மட்டும்" என்று தூக்காதீர்கள். கீழே ஆட்கள் வேலை செய்கிறார்கள்.

## அறிகுறி 4: உயரம் தப்பாகக் காட்டுகிறது

திரையில் தெரியும் உயரம் எங்கிருந்து அளந்தது என்று தெரியாமல் மலையில் பறக்கவிடக் கூடாது. இதை நான் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. கிருஷ்ணகிரி அணைக்கு அந்தப்பக்கம் சரிவில் ஒரு மாந்தோப்பு. தை மாதம், பூவில் தத்துப்பூச்சி. தோப்பின் அடியில் நின்று கிளப்பினேன். சிக்னல் போனால் வீடு திரும்பும் உயரம் 20 மீட்டர் என்று வைத்திருந்தேன், தர்மபுரி சமவெளிக்கு வைத்த எண். தோப்பின் மேல் முனை நான் நின்ற இடத்தைவிட அதற்குச் சமமாக உயர்ந்திருந்தது, அங்கே ஒரு புளியமரம் வேறு. சிக்னல் விட்டது. ட்ரோன் திரையைப் பார்த்தது, 20 மீட்டரில்தான் இருக்கிறோம் என்று நிம்மதியாகத் திரும்பி மரத்துக்குள் நுழைந்தது. தோட்டக்காரப் பெரியவர் சிரிக்காமல் சொன்னார்: "தம்பி, உன் குருவி கூடு கட்டப் போயிடுச்சு."

### சரிவில் போகப் போகத் தரைக்கு நெருங்குகிறது

பழுது இல்லை. காட்டும் உயரம் கிளம்பிய இடத்தில் இருந்து அளந்தது. மேட்டில் நின்று கிளப்புங்கள், முடிந்தால் தோட்டத்தின் மேல் முனையில். வீடு திரும்பும் உயரத்தை ஒவ்வொரு தோட்டத்திலும் புதிதாக வையுங்கள்: தோட்டத்தின் உச்சி, அதன் மேல் இருக்கும் உயரமான மரம், அதற்கு மேல் பத்து மீட்டர். தரையைப் பார்க்கும் ரேடார் இருந்தால் கண்ணாடியைத் துடைப்பது போல அதன் முகத்தைத் துடைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

### இறங்கியதும் மைனஸ் மூன்று, மைனஸ் நாலு என்று காட்டுகிறது

காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்லும் பாரோமீட்டர் இது. நம் உயரத்தில் ஒரு மில்லிபார் மாறினால் சுமார் ஒன்பது மீட்டர் தள்ளிக் காட்டும். நம் பகுதியில் காலை பத்து மணியில் இருந்து மாலை நாலு மணிக்குள் அழுத்தம் தினமும் தானாகவே மூன்று, நான்கு மில்லிபார் இறங்கும், மழையோ புயலோ தேவையில்லை. கைக்கடிகாரத்தில் உயரம் பார்க்கிறவர்கள் மாலையில் முப்பது மீட்டர் வளர்ந்துவிட்டதாக நினைப்பது இதனால்தான். ஆனால் 12 நிமிடப் பறப்பில் இதன் பங்கு ஒரு மீட்டருக்குள்தான். மூன்று, நாலு மீட்டர் தள்ளினால் வேறு காரணம் தேடுங்கள்.

ஜீப்பில் இருந்து எடுத்த உடனே கிளப்பினீர்களா? வெயிலில் ஐந்து நிமிடம் ஆன் செய்து வைத்துவிட்டுக் கிளப்பிப் பாருங்கள், சூடு சீரானால் எண்ணும் சீராகும். மூடி விலகி, சென்சார் மேல் நேரடியாக வெயிலோ புரொப்பெல்லர் காற்றோ படுகிறதா? அதன்மேல் ஒட்டியிருக்கும் சின்னக் கறுப்பு ஸ்பாஞ்சு விழுந்துவிட்டதா? மருந்து ஈரம் உள்ளே போயிருக்கிறதா? ஸ்பாஞ்சை நீங்களே ஒட்டலாம். ஈரம் போயிருந்தால் போர்டைத் திறக்க வேண்டும், அது எங்கள் வேலை.

### வரைபடத்து உயரத்துக்கும் ட்ரோன் சொல்வதற்கும் எண்பது, தொண்ணூறு மீட்டர் வித்தியாசம்

சர்வே செய்கிறவர்கள் இதைப் பார்த்துப் பதறிப்போய் ஜி.பி.எஸ். மாட்யூலை மாற்றச் சொல்வார்கள். வேண்டாம். ஜி.பி.எஸ். தன் கணக்குக்கு வைத்திருக்கும் சீரான பூமி உருவம் வேறு, நிஜக் கடல் மட்டம் வேறு. தென்னிந்தியாவில் கடல் மட்டம் அந்த உருவத்துக்குக் கிட்டத்தட்ட அத்தனை மீட்டர் கீழே இருக்கிறது. ஓசூரில் 900 வர வேண்டிய இடத்தில் 810, 815 என்று வந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். மென்பொருளில் இந்த வித்தியாசத்தைக் கழிக்கும் ஜியாய்டு திருத்தத்தைத் தேர்ந்தெடுத்தால் தீர்ந்தது. எண்பதும் இல்லாமல் தொண்ணூறும் இல்லாமல் நாளுக்கு நாள் மாறினால் மட்டும் ஆன்டெனாவைப் பாருங்கள்.

## அறிகுறி 5: மருந்து ஒரே சீராக விழவில்லை, பக்கத்துத் தோட்டத்துக்குப் போகிறது

மெலிந்த காற்று இதற்குக் காரணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாசில் அடைப்பு, பயிருக்கு மேல் அதிக உயரம், சரிவுக் காற்று, இதே வரிசையில் பாருங்கள். நாசில்களைக் கழற்றி வாளியில் ஒரு நிமிடம் தனித்தனியாகப் பிடித்து அளந்தாலே பாதிச் சந்தேகம் தீரும். பயிருக்கு மேல் இரண்டு, மூன்று மீட்டரில் நில்லுங்கள்.

பக்கத்தில் மல்பெரித் தோட்டம் இருந்தால் மட்டும் சரி செய்ய முயலாதீர்கள், அன்றைக்குப் போய்விட்டு இன்னொரு நாள் வாருங்கள். நம் மாவட்டங்களில் பட்டுப்புழு வளர்க்காத ஊர் குறைவு. துளி மருந்து பட்ட இலையைத் தின்ற புழு கூடு கட்டாது, அந்தக் கணக்கை எந்த மெக்கானிக்காலும் நேர் செய்ய முடியாது.

## அறிகுறி 6: இறக்கை வைத்த சர்வே விமானம் இறங்கும்போது ஓடிக்கொண்டே போகிறது, திரும்பும்போது மூக்குக் குத்துகிறது

ஓசூர் மேல் பெங்களூருக்கு இறங்கும் விமானங்களைக் காட்டி ஒரு பையன் கேட்டான்: "உசரத்துல போனா பிளேன் வேகமாத்தானே போவும்? நம்முது மட்டும் ஏன்ணா விழுவுது?" நல்ல கேள்வி. பத்து கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் பயணிகள் விமானத்தில் வேகக் காட்டி மணிக்கு 480 கிலோமீட்டர் சொல்லும்போது, உண்மையில் அது 830 கிலோமீட்டருக்குப் பக்கத்தில் போய்க்கொண்டிருக்கும். மெலிந்த காற்றில் இறக்கைக்கு அதே தாங்கல் கிடைக்க அத்தனை வேகம் போயே ஆக வேண்டும். அதற்கு இன்ஜின் இருக்கிறது, நீண்ட ஓடுபாதை இருக்கிறது. லே நகரத்து விமான நிலையம் 3,256 மீட்டரில் இருக்கிறது. அங்கே விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே வந்து போய்விடுவதற்கு மதியக் காற்றும் வெயில் மலையும் காரணம். உங்கள் விமானத்துக்கு ஓடுபாதை ராகிக் காடு.

### ஓடிக்கொண்டே போகிறது

தர்மபுரியில் காலையில் வினாடிக்கு 15 மீட்டரில் இறங்கிய விமானம், மலை மதியத்தில் அதே தாங்கலுக்கு 15.7 மீட்டரில் இறங்கும். தரையில் ஓடும் தூரம் ஏறத்தாழ பத்து சதவீதம் கூடும். இறங்கும் இடத்தைக் கொஞ்சம் நீட்டிக் குறியுங்கள், காற்றுக்கு எதிராக இறக்குங்கள். கையால் வீசிக் கிளப்புகிறவர்கள் அதிக வேகத்தோடு வீச வேண்டும், அல்லது இன்னும் காலையில் வர வேண்டும். இதற்கு மேலும் ஓடினால், இறக்கையின் பின்மடலை இறக்கும் ஃபிளாப் சர்வோ பாதியில் நிற்கிறதா என்று பாருங்கள்.

### திரும்பும்போது மூக்குக் குத்துகிறது

காற்று வேக சென்சார் இல்லாத விமானமா? அப்படியானால் ஜி.பி.எஸ். வேகத்தை நம்பிப் பறக்கிறது. கீழே வைத்த அதே எண்ணில் மேலே பறந்தால் தாங்கல் குறையும், பின்காற்று வேறு சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். குறைந்தபட்ச வேகத்தைப் பத்து சதவீதம் ஏற்றி வையுங்கள்.

சென்சார் இருந்தும் குத்துகிறது என்றால் மூக்கில் நீட்டிக்கொண்டிருக்கும், காற்றை அந்தச் சென்சாருக்குக் கொண்டுபோகும் பிட்டோ குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு வாரம் கொட்டகையில் கிடந்தால் போதும், குளவி மண் வைத்து அடைத்திருக்கும். சிரிக்காதீர்கள். 1996-இல் டொமினிகன் குடியரசில் 189 பேரோடு கடலில் விழுந்த போயிங் 757 விமானத்துக்கும் அடைபட்ட பிட்டோ குழாய்தான் காரணம், குளவிக் கூடாக இருக்கலாம் என்றுதான் விசாரித்தவர்கள் சந்தேகப்பட்டார்கள். மெல்லிய நரம்பு விட்டுச் சுத்தம் செய்யுங்கள், வாயால் ஊதாதீர்கள், சென்சார் போய்விடும். ட்யூபில் விரிசல் இருந்தால் மாற்றுங்கள். அதன் பிறகும் நின்ற இடத்தில் வேகம் காட்டினால் சென்சார் மாற்ற வேண்டியதுதான்.

## அறிகுறி 7: கிளம்பவே மறுக்கிறது, திரையில் எல்லை எச்சரிக்கை

பழுது என்று நினைத்து மூன்று பேர் கொண்டுவந்திருக்கிறார்கள். 2021 ட்ரோன் விதிகளின்படி, முன் அனுமதி இல்லாமல் பறக்கக்கூடிய பச்சை மண்டலத்தில் தரையில் இருந்து 120 மீட்டர் வரைதான். அந்த 120 நீங்கள் பறக்கும் இடத்துத் தரையில் இருந்து, கடல் மட்டத்தில் இருந்து இல்லை. ஓசூர் பக்கம் பேளகொண்டப்பள்ளியில் விமானத் தளம் இருக்கிறது, அதைச் சுற்றி வேறு கணக்கு. அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் தோட்டத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் முன்பணம் வாங்க வேண்டும்.

## மெக்கானிக்கிடம் கொண்டுவரும்போது

விழுந்த ட்ரோனைக் கழுவாதீர்கள். மண் எந்தப் பக்கம் அப்பியிருக்கிறது என்பதில் இருந்துதான் எந்தக் கை முதலில் தரையைத் தொட்டது என்று பார்ப்பேன். பறந்த பதிவை அழிக்காதீர்கள், பேட்டரியைக் கழற்றி நிழலில் தனியாக வையுங்கள். அன்றைக்குப் பயன்படுத்திய அதே பேட்டரி, அதே புரொப்பெல்லர்கள் வேண்டும், உடைந்த துண்டுகளோடு. புதுசு மாட்டிக்கொண்டு வந்தால் பழுது வீட்டிலேயே தங்கிவிடும். டேங்கில் மிச்சம் இருக்கும் மருந்தைத் தோட்டத்திலேயே காலி செய்து மூன்று முறை நல்ல தண்ணீரால் அலசிவிடுங்கள். போன மாதம் ஒருவர் பாதி டேங்கோடு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தார், கண்டக்டரிடம் அவர் வாங்கிய திட்டு கடை வாசல் வரை கேட்டது.